ஓட்டில் தோத்தவர் கோர்ட்டு வாசலிலும் தோற்பது ஏன்? பஞ்சாயத்து தேர்தல் வழக்கில் 45 நாள் கண்டம்!

பொன்னமராவதி:

பஞ்சாயத்து தலைவர் தேர்தல் ரிசல்ட் வந்து, ஜெயித்தவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஓய்ந்த மறுநாள் காலை, தோத்தவர் வீட்டு திண்ணையில் ஒரு கூட்டம் கூடும். "செல்லாத ஓட்டுன்னு ஒதுக்குனதுல பாதி நம்ம ஓட்டுய்யா" என்பார் ஒருத்தர். "கடைசி ரவுண்டுல கட்டு மாறிப்போச்சு, நான் கண்ணால பார்த்தேன்" என்பார் பூத் ஏஜெண்ட். கடைசியில் வயசில் பெரியவர் ஒருத்தர், "விடக்கூடாது தம்பி, கோர்ட்டுக்கு போவோம்" என்று முடித்து வைப்பார்.

கோர்ட்டுக்கும் போகிறார்கள். ஆனால் இப்படி போகிற வழக்குகளில் பலவற்றில், பெட்டிக்குள் இருந்த ஓட்டு யாருக்கு விழுந்தது என்ற பேச்சே வருவது இல்லை. மனு சரியான இடத்தில் கொடுக்கப்பட்டதா, சரியான நாளில் கொடுக்கப்பட்டதா, சேர்க்க வேண்டியவர்களை சேர்த்தார்களா, சொல்ல வேண்டியதை சொன்னார்களா என்ற கேள்விகளிலேயே வழக்கு படுத்து விடுகிறது. ஓட்டில் 10, 20 வித்தியாசத்தில் தோத்தவர், கோர்ட்டில் காகிதத்தில் தோத்து விடுகிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 497 கிராம ஊராட்சிகள். பொன்னமராவதி ஒன்றியத்தில் மட்டும் 42 ஊராட்சிகள். சின்ன ஊராட்சியில் சில நூறு ஓட்டு வாங்கினாலே தலைவர் ஆகிவிடலாம். ஒரு கட்டு மாறினால் தலைவரே மாறிப்போவார். அதனால்தான் இந்த நடைமுறை சங்கதியை நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதுமா?

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ரிசல்ட்டில் சந்தேகம் வந்ததும் ஆட்களை திரட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் முன்பு மறியல். அப்புறம் கலெக்டரிடம் மனு. அப்புறம் மாநில தேர்தல் ஆணையத்துக்கு பதிவு தபால். பத்திரிகையில் போட்டோவும் வந்து விடும். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது எதுவும் தேர்தல் வழக்கு கிடையாது.

பஞ்சாயத்து தேர்தல் எதையும், அதற்கென்று சட்டத்தில் சொன்ன தேர்தல் மனு மூலமாகத்தான் எதிர்க்க முடியும், வேறு வழியில் எதிர்க்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 243-ஓ பிரிவு சொல்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. தமிழ்நாட்டில் அந்த மனுவை எங்கே கொடுப்பது? 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 258-வது பிரிவு அதற்கு பதில் சொல்கிறது: அந்த மாவட்டத்தின் மாவட்ட நீதிபதியிடம். நமக்கு என்றால் புதுக்கோட்டை ஜில்லா கோர்ட்டு. மனுவை அந்த தேர்தலில் நின்ற வேட்பாளரும் கொடுக்கலாம், அங்கே ஓட்டு உள்ளவரும் கொடுக்கலாம்.

"நேரே மதுரை ஐகோர்ட்டு கிளையில் ரிட் போட்டு விடலாமே" என்று சிலர் கிளம்புவார்கள். இந்த ஆசைக்கு அணை போட்ட தீர்ப்பே நம்ம தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல் சட்டசபை தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடி ஆனது. அவர் ஐகோர்ட்டுக்கு போனார், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார். 1952 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பதில்: அறிவிப்பில் தொடங்கி முடிவு அறிவிப்பது வரை மொத்தமும் 'தேர்தல்'தான், நடுவில் கோர்ட்டு புகுந்தால் தேர்தலே நடக்காது, குறை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் மனு போடு. 70 வருஷம் தாண்டியும் அந்த தீர்ப்புதான் அடிப்படை.

அப்படியானால் 2016-ல் உள்ளாட்சி தேர்தலையே ஐகோர்ட்டு ரத்து செய்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் ஓட்டுப்பதிவு என்று அறிவித்திருந்தார்கள். அக்டோபர் 4-ம் தேதி, அறிவிப்பு விதிப்படி இல்லை என்று ஐகோர்ட்டு ரத்து செய்தது. அது ஓட்டுப்பதிவுக்கு முன்பே, அறிவிப்பையே எதிர்த்து நடந்த வழக்கு. ஒரு ஊராட்சியில் யார் ஜெயித்தார் என்ற சண்டை அல்ல. அந்த தீர்ப்பை கையில் வைத்துக்கொண்டு, 'என் ரிசல்ட்டையும் ரிட்டில் ரத்து செய்யுங்கள்' என்று போனால் எடுபடாது.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் நம்ம பக்கத்தில்தான். 1984-ல் லால்குடி சட்டசபை தொகுதியில் ஜெயித்தவர், அந்த தொகுதி வாக்காளர் பட்டியலில் இல்லாமலேயே அதே பெயருள்ள வேறு ஒருவரின் பதிவை காட்டி மனு தாக்கல் செய்திருந்தார். அந்த வழக்கில் ரிட் மனு செல்லும் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் வருஷத்தை பாருங்கள். ஜெயித்தது 1984, இறுதி தீர்ப்பு 1999. அப்படி ஆள் மாறாட்டம் போன்ற பெரிய மோசடி இல்லாத சாதாரண எண்ணிக்கை தகராறுக்கு இந்த வழி உதவாது.

45 நாள் கணக்கு

இரண்டாவது கண்டம், நாள் கணக்கு. முடிவு வெளியான நாளில் இருந்து 45 நாளுக்குள் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். மற்ற சிவில் வழக்கு என்றால் "உடம்பு சரியில்லை, ஊரில் சாவு" என்று தாமதத்தை மன்னிக்க சொல்லி தனி மனு போடலாம். தேர்தல் வழக்கில் அந்த வழி கிடையாது. காலவரம்பு சட்டத்தின் 5-வது பிரிவில் உள்ள மன்னிப்பு சலுகை தேர்தல் மனுவுக்கு பொருந்தாது என்று 1974-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. 46-வது நாள் வந்தவருக்கு கதவு சாத்திதான் இருக்கும்.

கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆணையத்துக்கும் நடந்த நாட்களும் இந்த 45-க்குள் தான் கழியும். "ஆணையத்தில் இருந்து பதில் வரட்டும்னு பார்த்தோம்" என்பது கோர்ட்டில் செல்லாது.

கடந்த முறை நடந்ததை வைத்தே கணக்கு போட்டு பார்க்கலாம். புதுக்கோட்டை உள்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப்பதிவு நடந்தது. 2020 ஜனவரி 2-ம் தேதி எண்ணிக்கை. 2-ம் தேதி முடிவு வந்த ஊராட்சிக்கு 45-வது நாள் பிப்ரவரி 16. அது ஞாயிற்றுக்கிழமை! மறுநாள் திங்கட்கிழமை கொடுத்தால் செல்லுமா, செல்லாதா என்றே ஒரு வாதம் நடத்தலாம். அன்றைக்கு எண்ணிக்கை விடிய விடிய நடந்து பல இடங்களில் மறுநாள்தான் முடிவு வந்தது. அப்போது எந்த நாளில் இருந்து எண்ணுவது என்று இன்னொரு வாதம். இந்த வாதங்களை எல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே இலவசமாக கொடுக்க வேண்டியது இல்லை. 30 நாளுக்குள் மனுவை போட்டு விட்டால் இந்த தலைவலியே இல்லை.

கொரோனா நேரத்தில் காலவரம்பை சுப்ரீம் கோர்ட்டு நீட்டித்ததே என்று சிலர் அப்போது நினைத்தார்கள். அந்த நீட்டிப்பு 2020 மார்ச் 15-ல் இருந்துதான். பஞ்சாயத்து வழக்குக்கான 45 நாள் அதற்கு முன்பே முடிந்து விட்டது. போட்ட மனுவின் விசாரணைதான் ஊரடங்கில் மாட்டிக்கொண்டது.

யாரை சேர்ப்பது, என்ன எழுதுவது?

மனுவில் எதிர்மனுதாரராக யார் யாரை சேர்ப்பது என்பது அடுத்த கண்டம். ஜெயித்தவரை மட்டும் சேர்த்துவிட்டு, கூட நின்ற மற்ற வேட்பாளர்களை விட்டு விட்டால், "சேர்க்க வேண்டியவரை சேர்க்கவில்லை, மனு செல்லாது" என்று முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும். பத்து ஓட்டு வாங்கி டெபாசிட் இழந்த பங்காளியாக இருந்தாலும் விட்டு விடக்கூடாது.

கோபத்தில் எல்லாரையும் இழுத்து போடுவதும் தவறு. 1980 பாராளுமன்ற தேர்தலில் மேற்கு வங்காளத்தில் பாரக்பூர் தொகுதியில் தோத்தவர், அப்போதைய முதல்-மந்திரி ஜோதிபாசுவையும் மந்திரிகளையும் எதிர்மனுதாரர் ஆக்கினார். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பெயரை நீக்கியது. ஓட்டுப்போடுவதும், தேர்தலில் நிற்பதும், தேர்தலை எதிர்த்து வழக்கு போடுவதும் சட்டம் கொடுத்த உரிமைகள். சட்டம் எந்த வழியை சொல்கிறதோ அந்த வழியில்தான் போகணும். பொதுவான நியாய தர்மம் பேசி வழியை மாற்ற முடியாது என்பது அந்த தீர்ப்பின் சாரம். கோர்ட்டு இவ்வளவு கறாராக இருப்பதன் காரணம் இந்த ஒரு தீர்ப்பிலேயே புரிந்துவிடும்.

பிறகு மனுவின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி. "எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடந்தது, மறுபடி எண்ண வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த பூத், எந்த மேஜை, எத்தனை சீட்டு, என்ன காரணம் சொல்லி செல்லாது என்றார்கள், அந்த இடத்தில் யார் இருந்தார், உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தாரா என்று விவரம் வேண்டும். ஓட்டுச்சீட்டின் ரகசியத்தை சும்மா சந்தேகத்துக்காக பிரிக்க முடியாது என்று 1964-ல் இருந்தே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி வருகிறது. ஹரியானா பஞ்சாயத்து தலைவர் தேர்தல் வழக்கு ஒன்றில் 2009-லும் அதையே சொன்னது. மறுஎண்ணிக்கை கேட்பவர் அதற்கான அடிப்படையை முதலில் காட்டணும். பெட்டியை பிரித்து ஆதாரம் தேடலாம் என்ற கதை நடக்காது.

இதை வைத்துத்தான் ஜெயித்தவர் தரப்பு முதல் அஸ்திரத்தை விடும். சிவில் நடைமுறை சட்டத்தில் 7-வது ஆணை, 11-வது விதி. வழக்கு போட காரணமே மனுவில் இல்லை, எடுத்த எடுப்பில் நிராகரியுங்கள் என்று தனி மனு போடுவார்கள். கையெழுத்து சரியில்லை, உறுதிமொழி சரியில்லை, நகலில் குறை என்று மற்ற ஆட்சேபங்களும் கூடவே வரும்.

இதில் எல்லா குறையும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்லணும். கர்நாடகாவில் தாவணகெரே பாராளுமன்ற தொகுதி வழக்கில், பிரமாண பத்திரம் குறையாக இருந்தது என்பதற்காக மட்டும் மனுவை தூக்கி எறியக்கூடாது, திருத்த வாய்ப்பு தரலாம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆக, எழுத்துக்குறை என்றால் தப்பிக்கலாம். நாள் தவறினால் தப்பிக்க முடியாது. முக்கிய விவரமே இல்லை என்றாலும் கஷ்டம்தான்.

காரைக்குடி பக்கம் நடந்த கூத்து

பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஊராட்சியில் 2020 ஜனவரியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. தலைவர் பதவிக்கு முதலில் ஒருவர் ஜெயித்ததாக அறிவித்து சான்றிதழ் கொடுத்தார்கள். அப்புறம் மறுபடி எண்ணி, இன்னொருவர் ஜெயித்ததாக அவருக்கும் ஒரு சான்றிதழ். ஒரே நாற்காலிக்கு இரண்டு சான்றிதழ்! விவகாரம் கோர்ட்டுக்கு போய் பதவியேற்பே நின்றது. கடைசியில் முதலில் சான்றிதழ் வாங்கியவர்தான் தலைவர் ஆனார். ஆனால் அதற்குள் ஐந்து வருஷ பதவிக்காலத்தில் பெரும்பகுதி ஓடிப்போனது.

நமக்கு இதில் பாடம் உண்டு. சந்தேகம் இருந்தால் முடிவு அறிவிக்கும் முன்பே, எண்ணிக்கை மேஜையிலேயே, தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் எழுத்தில் மறுஎண்ணிக்கை கேட்கணும். முடிவை அறிவித்து சான்றிதழ் கையில் கொடுத்து விட்டால் அதிகாரி வேலை முடிந்தது. அதற்கு அப்புறம் நள்ளிரவில் கூட்டம் கூட்டி சத்தம் போட்டு ரிசல்ட்டை மாற்ற வைத்தால், அந்த மாற்றமே பிறகு வினை ஆகிவிடும்.

டெல்லியில் எண்ணிய கிராமத்து ஓட்டு

சரியாக போன வழக்கு என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஹரியானாவில் பானிபட் மாவட்டம் புவானா லாக்கு கிராமத்தில் 2022 நவம்பர் 2-ம் தேதி தலைவர் தேர்தல் நடந்தது. தோத்ததாக சொல்லப்பட்டவர் தேர்தல் மனு போட்டார். 69-ம் எண் பூத்தில் மட்டும் மறுபடி எண்ணும்படி தேர்தல் தீர்ப்பாயம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு, ஓட்டு எந்திரங்களை டெல்லிக்கே கொண்டு வர சொல்லி, கோர்ட்டு அதிகாரி முன்னிலையில் எல்லா பூத்தையும் எண்ண வைத்தது. தோத்ததாக சொல்லப்பட்டவருக்கு 1,051 ஓட்டு. பதவியில் இருந்தவருக்கு 1,000 ஓட்டு. 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி, இவர்தான் ஜெயித்தவர் என்று சுப்ரீம் கோர்ட்டு அறிவித்தது.

நியாயம் கிடைத்தது. ஆனால் ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார 2 வருஷம் 9 மாதம் ஆனது. அதுவரை அந்த ஊர் மக்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரின் நிர்வாகத்தில் இருந்தார்கள். அவர் போட்ட கையெழுத்து, அவர் விட்ட வேலை, அவர் கூட்டிய கிராமசபை எல்லாம் நடந்தது நடந்ததுதான்.

ஜெயித்தவர் பக்கமும் நியாயம் உண்டு

நடைமுறை ஆட்சேபம் என்றாலே குறுக்குவழி என்று நினைக்கக்கூடாது. ஒரு நிமிஷம் ஜெயித்தவர் இடத்தில் நின்று பாருங்கள். நேர்மையாக 15 ஓட்டில் ஜெயித்தவர் மேல் தோத்தவர் எல்லாரும் ஆளுக்கொரு வழக்கு, எப்போது வேண்டுமானாலும், எந்த கோர்ட்டில் வேண்டுமானாலும் போடலாம் என்று இருந்தால் அவர் குடிநீர் குழாயை பார்ப்பாரா, வாய்தாவுக்கு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவாரா? ஊர் கொடுத்த தீர்ப்பை லேசில் அசைக்கக்கூடாது என்பதற்காகத்தான் சட்டம் வாசலை சின்னதாக வைத்திருக்கிறது. அது சரிதான்.

தவறு எங்கே என்றால், வழக்கு போடுகிறவருக்கு 45 நாள் கெடு கறாராக இருக்கிறது. வழக்கை முடிப்பதில் அதே கறார் நடைமுறையில் இல்லை. நிராகரிப்பு மனு மேல் ஜில்லா கோர்ட்டில் உத்தரவு வந்தால், அதை எதிர்த்து மதுரை கிளையில் சீராய்வு மனு. அங்கே தடை. தடையை நீக்க இன்னொரு மனு. இப்படி வாசல்படி சண்டையே வருஷக்கணக்கில் ஓடுகிறது. பதவியில் இருப்பவருக்கு வழக்கில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து வருஷம் இழுத்தாலே போதும், ஜெயித்த மாதிரிதான். சட்டசபை, பாராளுமன்ற தேர்தல் வழக்கையாவது 6 மாதத்துக்குள் முடிக்க முயற்சி செய்யணும் என்று மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தில் எழுதியிருக்கிறது. அங்கேயே அது காகிதத்தில்தான் இருக்கிறது என்றால், கிராமத்து வழக்கின் கதியை சொல்ல வேண்டியது இல்லை.

2020 ஜனவரி 6-ல் பதவியேற்ற தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்கு போனது. அந்த தேதி வரை முடியாமல் கிடந்த வழக்குகளில், தோத்தவரே ஜெயித்தவர் என்று தீர்ப்பு வந்தாலும் உட்கார நாற்காலி ஏது?

ஆட்சேபத்தையும் மெயின் வழக்கையும் தனித்தனியாக இழுக்காமல் ஒரே விசாரணையில் கேட்டு ஒரே தீர்ப்பாக சொன்னால் பாதி காலம் மிச்சம். வாசல்படி உத்தரவுகள் மேல் நடுவில் சீராய்வுக்கு போவதற்கு மேல்கோர்ட்டு லேசில் தடை கொடுக்காமல் இருந்தால் மீதி காலமும் மிச்சம். முதல் வருஷத்திலேயே தீர்ப்பு வந்தால், ஜெயித்தவர் நேர்மையானவராக இருந்தால் அவருக்கும் அதுதான் லாபம். பின்னால் நாலு வருஷம் நிம்மதியாக வேலை பார்ப்பார்.

அடுத்த தேர்தலுக்கு நிற்பவர்கள் கவனத்துக்கு

பஞ்சாயத்து தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சி சின்னம் கிடையாது. அதனால் கட்சி வக்கீலும் கூட வரமாட்டார். அவரவர் கைக்காசுதான், அவரவர் அக்கறைதான். எண்ணிக்கைக்கு அனுப்புகிற ஏஜெண்ட், சொந்தக்காரப் பையன் என்பதற்காக மட்டும் போகக்கூடாது. மேஜையில் நடப்பதை நோட்டில் எழுதத் தெரிந்தவராக இருக்கணும். ஒதுக்கிய சீட்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு குறிக்கணும். சந்தேகம் என்றால் அங்கேயே எழுதிக்கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கணும். முடிவு வந்த தேதியை காலண்டரில் வட்டம் போட்டு, ஒரு வாரத்துக்குள் தேர்தல் வழக்கு நடத்தி பழகிய வக்கீலை பார்க்கணும். ஓட்டுச்சீட்டு மூட்டைகளை பத்திரமாக வைக்க உத்தரவு கேட்டும் மனு போடணும்.

தோத்தவரும் ஜெயித்தவரும் நாளைக்கு ஒரே கோயில் திருவிழாவில் வடம் பிடிக்க வேண்டியவர்கள். மாமன் மச்சான், அண்ணன் தம்பி உறவு. ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்ற சந்தேகம் தீராமல் ஐந்து வருஷம் கிடந்தால், அது அடுத்த தேர்தலுக்கு பகையாக முளைக்கும். சீக்கிரம் எண்ணிக் காட்டி விட்டால் தோத்தவரும், 'சரி, தோத்தேன்' என்று ஒத்துக்கொண்டு போய் விடுவார். திண்ணையில் கூடிய அந்த கூட்டம் கேட்டதும் அந்த ஒரு பதிலைத்தான்.